ஆர்ட்ஸ் எடுத்தோமா, ஆர்ட்ஸ் கிடைத்ததா?

கெம்பஸுக்கு வந்த முதல் கிழமை. சீனியர் அக்கா ஒருவர் எங்களை வரிசையாக இருத்திவைத்து எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். "ஏன் ஆர்ட்ஸ் எடுத்தீங்க?" ஒருத்திக்குச் சின்ன வயதிலிருந்தே தமிழ் பிடிக்குமாம். இன்னொருத்தனுக்குக் கணக்கு ஓடாதாம். என் முறை வந்தபோது, "எங்க ஸ்கூல்ல அதுதான் இருந்துச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஓ.எல்லில் எனக்கு விஞ்ஞானத்துக்கு பி, கணிதத்துக்கு சி. பெறுபேறு வந்த அன்று அதிபர் சேர் சந்தோசமாகத்தான் பேசினார். "பயோ செய்யலாம் புள்ள, ஆனா அதுக்கு டவுனுக்குப் போகணும்" என்றார். டவுன் என்றால் எங்கள் தோட்டத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். ஏ.எல் சயன்ஸை டியூசன் இல்லாமல் யார் முடித்தார்கள்? டியூசன் முடிய ஐந்தரை, ஆறு. கடைசி பஸ் நாலே முக்காலுக்குப் போய்விடும். அம்மா கொழுந்தெடுக்கிற சம்பளத்தில் போர்டிங் பற்றி யோசிக்கவே முடியாது. வீட்டில் யாரும் "படிக்காதே" என்று சொல்லவில்லை. பஸ் நேரம்தான் சொன்னது.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு விசயத்தை கெம்பஸில் கல்வி வரலாறு படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பாடசாலைக்கு அரசாங்கத்தின் ஏட்டில் ஒரு பெயர் உண்டு: 1சி. அப்படியென்றால் ஏ.எல் இருக்கும், ஆனால் கலையும் வர்த்தகமும் மட்டும். உயர்தர விஞ்ஞானம் உள்ள பாடசாலைக்குப் பெயர் 1ஏபி. மிச்சமெல்லாம் டைப் 2, டைப் 3. நாட்டில் பத்தாயிரத்துச் சொச்சம் அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் 1ஏபி ஏறத்தாழ ஆயிரம்தான். பத்துக்கு ஒன்று. ஆறாம் வகுப்பில் எங்களைச் சேர்த்த அன்றே எங்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும் என்று ஓரளவு தீர்மானமாகிவிட்டது.

விஞ்ஞானக் கல்வி என்று தொடங்கினாலே எங்கள் ஆட்கள் நேராக 1971க்குப் போய்விடுவார்கள். தரப்படுத்தல். அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பின்னால் அதற்கும் வருகிறேன். ஆனால் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலில் நடந்தது. அந்த வாசலுக்குப் போக முதலில் பாடசாலை என்ற வாசலைத் தாண்ட வேண்டும். அங்கே நின்றுபோனவர்களைப் பற்றி நாங்கள் அவ்வளவாக எழுதுவதில்லை.

தமிழில் விஞ்ஞானம் படிப்பித்த கதை இந்த நாட்டில் பழையது. அமெரிக்க மிசன்காரர்கள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் நடந்தன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான். பிறகு, ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் ஊருக்குள் நிற்காமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, பிரசவம் எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் செய்வித்தார். 1875இல் வந்த இரசாயனப் புத்தகத்தின் பெயர் 'கெமிஸ்தம்'. எனக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடிக்கும். கெமிஸ்ட்ரியைத் தூக்கி வைத்து ஒரு தமிழ் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். தூய தமிழா இல்லையா என்று சண்டை பிடிக்காமல் வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த முயற்சி கிறீனுக்குப் பிறகு தொடரவில்லை. அடுத்த எழுபது எண்பது வருசத்துக்கு விஞ்ஞானம் என்றால் ஆங்கிலம். ஆங்கிலம் என்றால் கட்டணம். பன்சன் அடுப்பும் சோதனைக்குழாயும் உள்ள பாடசாலைகள் கொழும்பிலும், யாழ்ப்பாணத்திலும், கண்டி, காலி மாதிரி சில நகரங்களிலும் இருந்தன. அனேகமாக மிசன் பாடசாலைகள், அல்லது அவற்றுக்குப் போட்டியாக இந்துக்களும் பௌத்தர்களும் எழுப்பியவை. யாழ்ப்பாணத்துக்கு விஞ்ஞானத்தில் வந்த முன்னிலையை அங்குள்ளவர்களின் மூளை என்றோ பனங்கிழங்கு என்றோ சொல்வது ஒரு பழக்கம். உழைப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நூறு வருசத்துக்கு முன்பே கட்டப்பட்ட ஆய்வுகூடங்களும் அந்த உழைப்போடு இருந்தன.

1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழும்பின; 54 என்று கணக்கு. நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிற ஆய்வுகூடமும் விடுதியும் கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் யோசனை. விடுதியை அழுத்திச் சொல்கிறேன். பஸ் பிரச்சினை அன்றைக்கே அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கியதும் இதற்காகத்தான்: கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளையைத் தெரிந்து, மத்திய கல்லூரியில் தங்கவைத்துப் படிப்பிக்க. இன்றைக்கு அது நாலாம் வகுப்புப் பிள்ளையை நித்திரை கொள்ளவிடாமல் டியூசனுக்கு இழுக்கிற பரீட்சை ஆகிவிட்டது. அது வேறு கட்டுரை.

அந்த 54இன் கதை பெருமையானதுதான். ஆனால் அது நடந்துகொண்டிருந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. பெரும்பாலானவற்றில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. என் பாட்டி அப்படி ஒன்றில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். "சயன்ஸா? எங்களுக்கு மாஸ்டர் கூட்டாஞ்சோறு ஆக்குறதுதான் காட்டிக் குடுத்தாரு" என்பார். அவருடைய வயதுக்காரர்கள் பலருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை. அரசு இந்தப் பாடசாலைகளைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். கன்னங்கராவுக்கும் எங்களுக்கும் இடையில் முப்பத்திரண்டு வருசம்.

இந்த இடைவெளியில் நாட்டில் இரண்டு பெரிய விசயங்கள் நடந்தன. ஒன்று மொழி. 1945இலிருந்து ஆரம்ப வகுப்புகளுக்குத் தாய்மொழி, 1953இலிருந்து ஆறாம் வகுப்பில் தொடங்கி வருசத்துக்கு ஒரு வகுப்பாக மேலே. 1960இல் சிங்களத்திலும் தமிழிலும் படித்த கலை மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டார்கள். விஞ்ஞானம் பிந்தித்தான் வந்தது. புத்தகம் வேண்டும், சொல் வேண்டும், அந்தச் சொல்லில் படிப்பிக்க ஆசிரியர் வேண்டும். அரசாங்கம் குழுக்கள் போட்டுக் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. பௌதிகவியல், இரசாயனவியல், ஒட்சிசன், ஐதரசன், இலத்திரன் என்று நாங்கள் படிப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை. தமிழ்நாட்டு யூடியூப் வகுப்பைப் போட்டுவிட்டு "இயற்பியல் என்றால் என்ன சப்ஜெக்ட்?" என்று குழம்பாத ஏ.எல் மாணவர் யாராவது இருக்கிறீர்களா?

தாய்மொழிக் கல்வியால் கதவு திறந்தது. ஆனால் கலைக்கு அகலத் திறந்தது, விஞ்ஞானத்துக்குக் கொஞ்சம். தமிழ் இலக்கியமும் வரலாறும் படிப்பிக்க ஒரு ஆசிரியரும் கரும்பலகையும் போதும் என்று நினைத்தார்கள். விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடமும், தண்ணீர்க் குழாயும், இரசாயனப் பொருளும், பட்டதாரி ஆசிரியர் மூன்று நாலு பேரும் தேவை. அன்றைய முறைப்படி எட்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கலை, விஞ்ஞானம், வர்த்தகம் என்று பிரித்தார்கள். கிராமத்துப் பாடசாலையில் பிரிப்பதற்கு என்ன இருந்தது? 1960களில் கலைப் பட்டதாரிகள் கூடிக்கொண்டே போனார்கள், வேலை கூடவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கிய சிங்கள இளைஞர்கள் பலர் இப்படிப் படித்துவிட்டு நின்றவர்கள்தான். அதே வருசம் வந்த டட்லி சீயர்ஸ் குழுவின் அறிக்கையும் படிப்புக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்பதைத்தான் பெரிதாகச் சொன்னது.

இரண்டாவது விசயம், எல்லாருக்கும் தெரிந்தது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர்கள் சனத்தொகை விகிதத்தை விட மிகக் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1971இல் பல்கலைக்கழகம் புகுந்த அணிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். 400க்கு, பொறியியலுக்குத் தமிழில் எழுதியவர் 250 எடுக்க வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 227 போதும். மருத்துவத்துக்கு 250க்கு 229. பௌதிக விஞ்ஞானத்துக்கு 204க்கு 183. ஒரே வினாத்தாள், ஒரே பாடம், இரண்டு வெட்டுப்புள்ளி. இந்த எண்களை முதன்முதல் லைப்ரரியில் பார்த்தபோது நான் கொப்பியில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இது அநியாயம் என்பதற்கு விளக்கவுரை தேவையில்லை. இந்த எண்களிலிருந்து எங்கள் அரசியல் எங்கே போனது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவை இதோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான் எனக்கு இடிக்கிறது. மாவட்டத்தின் சனத்தொகையைப் பார்த்து இடம் பிரித்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அடி. அதே நேரம் மட்டக்களப்பு, மன்னார், வவுனியா மாதிரியான மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதற்கு முன் நினைத்துப் பார்க்காத இடம் கிடைத்தது. தமிழர் எல்லாரும் ஒரே பக்கம் நின்று நட்டப்பட்டார்கள் என்ற கதை இங்கே ஒத்துவராது. கிழக்கிலிருந்து வந்த என் பட்ச் நண்பன் இதைச் சொன்னால் யாழ்ப்பாண நண்பன் கோபப்படுவான். இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இப்போது மலையகத்துக்கு வாருங்கள். கோட்டா மாவட்டத்தில் வசிக்கிற மொத்தச் சனத்தின் கணக்கில் போனது. நுவரெலியாவில், பதுளையில், லயத்தில் இருந்த எங்கள் ஆட்களின் தலைகளும் அந்தக் கணக்கில் எண்ணப்பட்டன. ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடிகிற பாடசாலையில் படித்த பிள்ளை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவா போகிறது? தலை எங்களுடையது, இடம் அதே மாவட்டத்தில் உயர்தரம் இருந்த டவுன் பாடசாலைக்காரர்களுடையது. தரப்படுத்தல் எங்களை விரட்டவில்லை, மாவட்டக் கோட்டா எங்களைத் தூக்கிவிடவுமில்லை. வாசலுக்கு வராத ஆளுக்கு வாசலில் என்ன சட்டம் போட்டால் என்ன.

இதே காலத்தில், இதே கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத்தின் கீழ், கல்வி அமைச்சு செய்த இன்னொரு வேலையைப் பற்றி எங்கள் பக்கம் பேச்சே கிடையாது. 1972 பாடத்திட்டச் சீர்திருத்தம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிரிக்கிற வேலை நிறுத்தப்பட்டது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டம். அதில் கணிதம் கட்டாயம், பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கலந்த ஒருங்கிணைந்த விஞ்ஞானமும் கட்டாயம். கூடவே மரவேலை, விவசாயம் மாதிரித் தொழில் சார்ந்த பாடங்கள். பழைய ஓ.எல்லுக்குப் பதிலாக என்.சி.ஜி.ஈ. பரீட்சை 1975 கடைசியில் முதல் தடவை நடந்தது. ஏ.எல்லுக்குப் பதிலாக எச்.என்.சி.ஈ.

பெற்றோர்களுக்கு இது பிடிக்கவில்லை. "ஓ.எல் என்றால் லண்டனில் கேட்டாலும் தெரியும், இந்த என்.சி.ஜி.ஈ. யாருக்குத் தெரியும்?" என்பது ஒரு பக்கம். ஆசிரியர்களின் கஷ்டம் இன்னொரு பக்கம்: நேற்றுவரை விலங்கியல் மட்டும் படிப்பித்தவர் இன்றைக்கு மின்சுற்றும் படிப்பிக்க வேண்டும். சில பாடசாலைகளில் விஞ்ஞானமே படிக்காத ஆசிரியர் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். 1977இல் ஆட்சி மாறியது, ஓ.எல்லும் ஏ.எல்லும் திரும்பி வந்தன. ஆனால் ஒரு விசயத்தை யாரும் பின்னுக்கு இழுக்கவில்லை. ஓ.எல் வரைக்கும் எல்லாரும் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பது அப்படியே தங்கிவிட்டது. இன்றைக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளை பத்தாம் வகுப்பில் ஒளித்தொகுப்பும் ஓமின் விதியும் படிக்கிறாள் என்றால் அந்த நூல் 1972இல் கட்டியது. அந்த ஆட்சியின் மேல் நமக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். எனக்கு இதில் நன்றியும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது லேசில்லை.

பாடம் கட்டாயமானது; ஆய்வுகூடம் கட்டாயமாகவில்லை. யுத்த காலத்தில் வடக்கில் படித்தவர்களைக் கேளுங்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த ஊரில் மின்னோட்டம் படித்தார்கள், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒளியியல் படித்தார்கள். எங்கள் பக்கம் யுத்தத் தடை இல்லை. ஆனாலும் என் பாடசாலையில் 'விஞ்ஞான அறை' என்று எழுதிய ஒரு அறையில் உடைந்த கதிரைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அமிலத்தில் நீலப் பாசிச்சாயத்தாள் சிவப்பாகும் என்று நான் பரீட்சையில் சரியாக எழுதியிருக்கிறேன். பாசிச்சாயத்தாளை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

உயர்தரத்தில் பிறகு வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டுப் பரீட்சையோடு நாலு பாடம் மூன்றானது: தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியல், தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம். 2001இலிருந்து மொத்தப் புள்ளிக்குப் பதிலாக இசற் புள்ளி. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டக்காரர் இரண்டு பேருக்கும் ஒன்றாக இசற் கணக்குப் போட்டது உயர் நீதிமன்றம்வரை போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். என் மாமா மகன் அந்த பட்ச். கோட்டா இப்போது 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கலைக்கு மட்டும் இது கிடையாது, எல்லாம் அகில இலங்கைத் திறமை. விஞ்ஞானம் படிக்க வசதி வேண்டும், ஆகவே வசதியில்லாத மாவட்டத்துக்குக் கைகொடுக்க வேண்டும். கலை படிக்க என்ன வசதி வேண்டும் என்ற பழைய நினைப்புத்தான் இதிலும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எங்கள் லைப்ரரியில் இருந்த புத்தகங்களைக் காட்டியிருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள்.

2013இல் தொழினுட்பப் பிரிவு வந்தது, 2015இல் அதன் முதல் பரீட்சை. மூன்று பழைய கதவுகளுக்குப் பக்கத்தில் நாலாவது ஒன்று. பொறியியல் தொழினுட்பமோ உயிர்முறைமைகள் தொழினுட்பமோ எடுக்கலாம், கூட தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம். சயன்ஸ் இல்லாத பாடசாலைகளுக்கும் இது வரும் என்றார்கள். சில இடங்களுக்கு வந்தது. எங்கள் பாடசாலைக்கு வரவில்லை. படிப்பிக்க ஆள் இல்லை.

விதிகளை மட்டும் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். ஓ.எல்லில் ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம், மற்ற மூன்றும் விருப்பத் தெரிவு. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி இருந்தால் ஏ.எல். பயோ என்றால் விஞ்ஞானத்தில் சி வேண்டும், மெத்ஸ் என்றால் கணிதத்தில் சி வேண்டும். என்னிடம் எல்லாமே இருந்தது. விதி கேட்டதைவிட ஒரு படி கூடவும் இருந்தது. விதியில் பஸ் நேரம் இல்லை.

ஆர்ட்ஸ் படித்ததற்கு நான் கவலைப்படுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரலாறு எனக்குப் பிடித்துவிட்டது, இப்போது சயன்ஸ் தந்தாலும் மாறமாட்டேன். ஆனால் 'பிடித்தது' என்பதும் 'தெரிவு செய்தது' என்பதும் வேறு. என் வகுப்பில் ஓ.எல் விஞ்ஞானத்தில் என்னைவிட நல்ல பெறுபேறு எடுத்த ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஆர்ட்ஸ் பிடிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு தவணை இருந்துவிட்டு கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டாள்.

தங்கச்சி இந்த முறை ஓ.எல் எழுதிவிட்டு இருக்கிறாள். பயோ செய்யப்போகிறாளாம். போன மாதம் அப்பாவும் நானும் டவுன் பாடசாலைக்குப் போய் இடம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தோம். ஒபீசில் இருந்தவர் வாங்கிவைத்துவிட்டு, பெறுபேறு வரட்டும், அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்றார். திரும்பி வரும்போது அப்பா பஸ்காரரிடம் பின்னேர பஸ்ஸை ஒரு மணித்தியாலம் பிந்தி எடுக்க ஏலுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.